கராகோல் குளியல்கூடத்துத் துருவி

எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் முதுகு ஜிபாருக்கு மனப்பாடம். முகத்தை மறந்துவிடுவாள், முதுகை மறக்க மாட்டாள். சந்தையில் யாராவது, "என்ன ஜிபார் அக்கா, என்னைத் தெரியலையா?" என்று கேட்டால், "கொஞ்சம் திரும்பி நில்லு பாப்போம்" என்பாள்.

பனிமலை அடிவாரத்து எங்கள் கராகோல் ஊரின் பொதுக் குளியல்கூடத்தில், பெண்கள் பக்கம், முதுகு தேய்த்துவிடுகிற வேலை அவளுக்கு. வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கிற வேலை எனக்கு. என் பெயர் சோனுன். இருபத்து மூன்று வருடம் இரண்டு பேரும் ஒரே கெட்டிலில் தேநீர் குடித்திருக்கிறோம். ஆகவே நான் சொல்வதை நம்பலாம். நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை.

ஊரையே தேய்த்து மினுக்கிய ஜிபாரின் சொந்தத் தோல் மட்டும் மினுங்கவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை கையின் வெளிப்பக்கத்தில் பொடிப்பொடியாக, சிவப்பாக, தொட்டால் சொரசொரவென்று ஒரு பொரிப்பு. தொடையிலும் அப்படியே. பதினொரு வயதில் வந்தது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்குக் கையில்லாத சட்டை போட வேண்டிய அன்றைக்கே பெயரும் வந்தது. துருவி.

"ஏய் துருவி, கையைக் குடு, கேரட்டு துருவணும்!"

பெயர் வைத்தவள் பின்னாளில் அதே பள்ளிக்கு ஆசிரியையாகி, நல்லொழுக்கம் சொல்லிக் கொடுத்தாள். அதுவும் நடந்தது.

பெயரோடு வைத்தியமும் வந்தது. எங்கள் ஊரில் வைத்தியம் தெரியாத ஆள் கிடையாது. வைத்தியர்தான் கிடைக்க மாட்டார். அம்மா ஆட்டுவால் கொழுப்பைக் காய்ச்சித் தடவினாள். பெண் ஒரு மாதம் கொதிக்கிற சட்டிபோல மணத்தாள். தெருநாய்கள் மட்டும் அன்போடு பின்னால் வந்தன. பக்கத்து வீட்டுக்காரி கல் உப்பால் தேய்க்கச் சொன்னாள். பெரியம்மா, "உங்கம்மா வயித்துல உன்னைச் சுமந்தப்ப இறகு பறிச்ச வாத்தைப் பார்த்துட்டா, அதான்" என்று காரணமே கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் ஊரில் வாத்தின் இறகைப் பறிக்காமல் சமைத்தவர் யாரென்று யாரும் கேட்கவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வினிகர் தடவச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவள் அப்பா சாதிபெக்கின் கையிலும் அதே பொரிப்பு இருந்தது. இன்னும் அதிகமாக. அவர் வெயில் காலம் முழுக்கப் பனியனோடு உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுவார், ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. ஆண்பிள்ளையின் கையில் இருந்தால் அது உழைப்பு. பெண்பிள்ளையின் கையில் இருந்தால் அது வியாதி.

கல்யாணம் அதனால் நின்றுவிடவில்லை. லாரி ஓட்டுகிற ஒரு நல்ல மனுஷன் கிடைத்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியல. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு எங்கம்மா சொல்லித்தான் இவ கையில பொரி இருக்கறதே தெரிஞ்சுது" என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட கண்ணோடு அவன் மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறான் என்பதுதான் எனக்குக் கவலை.

குளியல்கூடத்துக்கு வேலை கேட்டு வந்த அன்று மேலாளர் தோக்தோசுன் அவள் கையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"உன் தோலே இப்படி இருக்கு. நீ அடுத்தவங்களை என்னத்தைத் தேய்ப்ப?"

"பல்லு விழுந்தவர்தானே ஐயா நம்ம ஊர்ல பல் டாக்டரு?" என்றாள் ஜிபார்.

வேலை கிடைத்தது. கையில் குதிரைமயிர் உறையை மாட்டிக்கொண்டு அவள் தேய்க்க ஆரம்பித்தால் அழுக்கு சேமியாபோல உருண்டு விழும். பெண்கள் ஐயோ ஐயோ என்று கத்துவார்கள், அடுத்த வாரமும் வருவார்கள். வலிக்காத குளியலுக்குக் காசு கொடுக்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனம் வராது.

திங்கட்கிழமை குளியல்கூடத்துக்கு விடுமுறை. அன்றைக்கு அவள் தன்னைத்தானே தேய்ப்பாள், இருப்பதிலேயே முரட்டு உறையை எடுத்து, தோல் தீயாய் எரிகிற வரை. செவ்வாய்க்கிழமை வழவழப்பு. வியாழக்கிழமை ரத்தச் சிவப்பு. சனிக்கிழமை மறுபடி துருவி, முன்னைவிடக் கூராக. இருபது வருடம் இதைச் செய்தாள். ஒரு தடவைகூட, இது பலிக்கவில்லையே என்று தோன்றவில்லை. "இன்னும் அழுத்தித் தேய்ச்சிருக்கணும்" என்றுதான் தோன்றியது.

மகள் பெர்மெத்துக்கும் சரியாகப் பதினொரு வயதில் கையில் பொரித்தது. ஜிபார் அன்றைக்கு உட்கார்ந்து அழுதாள். அழுதுவிட்டு எழுந்து ஆட்டுவால் கொழுப்பைக் காய்ச்சினாள். தனக்குச் செய்த கொடுமை ஒன்றுவிடாமல் மகளுக்கும் செய்தாள். பல வீடுகளில் பாசம் என்பதற்கு இதுதான் பொருள்.

பெர்மெத் கெட்டிக்காரி. நிலஅளவை படித்தாள். இருபத்தொரு வயதில் தாலாய் என்ற பையனோடு பழக்கமாகி, கல்யாணம் வரை வந்தது. பையனின் அம்மா கலீபா. பஜார் தெருவில் 'பட்டுத்தோல்' என்ற அழகுநிலையம் வைத்திருப்பவள். கதவில் ஒரு வெளிநாட்டுக்காரியின் வெற்றுத்தோள் படம், பனிக்கட்டிபோல வழவழவென்று. கலீபாவோ ஜூலை மாதத்தில் ஏரிக்கரைக்குப் போனாலும் மணிக்கட்டு வரை கை வைத்த உடுப்புதான். அதை நாங்கள் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வழக்கப்படி வருங்கால மாமியார் வந்து பெண்ணுக்குத் தோடு போட வேண்டும். ஆடு அடித்து, நாற்பது பேரைக் கூட்டி, ஜிபார் தடபுடலாகச் செய்தாள். கலீபா தோடு போட்டாள். மங்கலத்துக்குத் தலையில் வெள்ளைத் துணி போர்த்தினாள். கன்னத்தில் முத்தம் கொடுக்கக் கையைப் பிடித்து இழுத்தவள், அப்படியே நின்றாள். விரல்கள் பெர்மெத்தின் முழங்கைக்கு மேலே மெல்லிய துணி வழியாகத் தடவிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கால்நடைச் சந்தையில் வாலைத் தூக்கிப் பார்ப்பதுபோல, நாற்பது பேருக்கு முன்னால் சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள்.

"என்னடி இது?"

"சின்ன வயசுலேருந்து இருக்கு அத்தை."

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"அப்ப ரத்தத்துல இருக்குதுன்னு சொல்லு." கலீபா ஜிபார் பக்கம் திரும்பினாள். "ஏன் சம்பந்தி, முன்னாடியே சொல்றதுக்கென்ன? நான் தோலை வச்சுப் பொழைக்கிறவ. 'பட்டுத்தோல்' கலீபா மருமக இப்படின்னு ஊரு சிரிக்காது?"

ஊர் அங்கேயே சிரித்துக்கொண்டுதான் இருந்தது, வாய் நிறைய இறைச்சியோடு.

"கவலைப்படாதீங்க. பன்னெண்டு தடவை என் கடைக்கு வரட்டும். கல்யாணத்துக்குள்ள பட்டாக்கிடுறேன்" என்று கலீபா தீர்ப்புச் சொன்னாள். தாலாய் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜிபாரோ, ஊரில் யாருக்கும் பயப்படாத ஜிபார், "சரிங்க சம்பந்தி, உங்க இஷ்டம்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவளை ரொம்ப நாள் திட்டினேன்.

பெர்மெத் போனாள். முதல் வாரம் பாதாம்பருப்பு ஓட்டுப் பொடி என்று சொல்லி அக்ரூட் ஓட்டுத் தூளால் தேய்த்தார்கள். இரண்டாம் வாரம் உப்பும் காபித்தூளும். அப்புறம் ஏதோ எரிகிற திரவத்தைப் பூசி, தோல் உரிய உட்கார வைத்தார்கள்.

"எரியுது அத்தை."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஐந்தாம் தடவை முடிந்து வீட்டுக்கு வந்தவளின் இரண்டு கையும் உரித்த பீட்ரூட். கம்பளி மேலங்கியை மாட்ட முடியவில்லை. வெளியே பனி கொட்டுகிறது, பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். ஜிபார் அந்தக் கையைப் பார்த்தாள். ஊர்த்தோலை எல்லாம் பார்த்த கண் அல்லவா, எது அழுக்கு, எது காயம் என்று அதற்குத் தெரியும். மறுநாள் காலை மகளை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். இந்தத் தோலுக்காக, முப்பது வருடத்தில் முதல் தடவையாக.

தோல் மருத்துவர் அக்மரால் சின்னப் பெண். மேசையில் பாதி கடித்த இறைச்சிச் சம்சா, வாசலில் நாற்பது பேர். பெர்மெத்தின் கையைப் பார்த்தாள், பிறகு கேட்காமலே ஜிபாரின் கையைப் பார்த்தாள்.

"இது சரி, அம்மாகிட்டேருந்து வந்தது. இந்தப் புண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

"அழகுநிலையத்துலேருந்து."

"நல்லாத்தான் அழகாக்கியிருக்காங்க." டாக்டர் சம்சாவை ஓரமாக நகர்த்தினாள். "அம்மா, இது வியாதி இல்ல. மயிர்க்கால்ல, தோல் உதிர்க்கிற பழைய செதில் சேர்ந்து அடைச்சுக்குது, சின்ன ஆணி மாதிரி. அது பரம்பரையா வர்ற தோல்வாகு. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஒட்டாது, உள்ள போகாது, ஆளைக் கொல்லாது."

"எப்பப் போகும்?"

"முழுசாப் போகும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். வயசாக ஆக நிறையப் பேருக்குத் தானாக் குறையும். குளிர்ல காய்ஞ்சா ஜாஸ்தியாகும், வெயில் காலத்துல கம்மியாகும்."

"நான் வாராவாரம் நல்லா அழுத்தித் தேய்க்கிறேனே டாக்டர்..."

"எதால?"

"குதிரைமயிர் உறையால."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "தேய்க்கத் தேய்க்கத் தோல் கோவப்படும். சிவக்கும், தடிக்கும், கறுப்புத் தழும்பு விழும். தேய்க்கவே கூடாது. வெதுவெதுப்பான தண்ணி, சீக்கிரம் குளிச்சு முடிக்கணும், ஒத்தி எடுக்கணும், ஈரம் காயறதுக்குள்ள கிரீம் போடணும். இப்ப புண்ணு ஆறுற வரைக்கும் சாதா கிரீம். ஆறினப்புறம் யூரியா கலந்தது, தினமும்."

"யூரியாவா?" ஜிபார் எழுந்தே விட்டாள். "என் பொண்ணு என்ன உருளைக்கிழங்குத் தோட்டமா, உரம் போட?"

வாசலில் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தாள். தோலுக்குப் போடுகிற கிரீம் வேறு, அளவு குறைவு, காய்ந்த தோலில் ஈரத்தைப் பிடித்து வைத்து அடைப்பை இளக்கும் என்று விளக்கி, பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். "ஒரு மாசம், ரெண்டு மாசம் பொறுமையாப் போடணும். நிறுத்தினா திரும்ப வரும். பல்லு தேய்க்கிற மாதிரி இதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். அடுத்த ஆளு!"

முப்பது வருட அவமானத்துக்கு மொத்தம் நான்கு நிமிடம். ஜிபார் அன்று மதியம் என் கூண்டில் வந்து உட்கார்ந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள்.

"சோனுன், நான் அவளைப் பத்து வருஷம் தேய்ச்சேனே."

வினிகர் ஞாபகம் வந்தது. அவள் கையில் ஆறிப்போன தேநீரை வாங்கிக் கொட்டிவிட்டு, சூடாக வேறு ஊற்றினேன்.

புண் ஆறியது. பிறகு அம்மாவும் பெண்ணும் ஒரே குழாயிலிருந்து கிரீம் போட்டுக்கொண்டார்கள். ஆறேழு வாரத்தில் சிவப்பு தணிந்தது, முள் மழுங்கியது. பட்டெல்லாம் ஆகவில்லை. நல்ல பருத்தித் துணி மாதிரி ஆனது.

இதற்கிடையில் கலீபா ஆள் அனுப்பினாள்: இன்னும் ஏழு தடவை பாக்கி, வராவிட்டால் கல்யாணத் தேதியைத் தள்ள வேண்டியிருக்கும். பெர்மெத் நேராகத் தாலாயிடம் போனாள். நடந்ததை என் கூண்டுக்கு வந்து அவளே சொன்னாள்.

"அம்மா சொல்றதைக் கேட்டுக்கோயேன், கொஞ்ச நாள்தானே" என்றானாம்.

"தாலாய், போன வருஷம் ஏரியில குளிச்சப்ப உன் தொடையில பார்த்தேனே, அது என்ன?"

"அது... தண்ணி குளிரு, அதான் புல்லரிச்சிருக்கும்."

"ஜூலை மாசத்துல, மணல் கொதிக்கிறப்பவா?"

அவன் சிரித்திருக்கிறான். "நான் ஆம்பளை பெர்மெத். எனக்கென்ன?"

மறுநாள் தோடு இரண்டும் கலீபா கடைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தன. அவர்கள் கொடுத்த தேய்ப்புப் பொடி டப்பாவிலேயே போட்டு, மூடி, மேலே நூல் கட்டி அனுப்பியிருந்தாள். பொடியைக் கொட்டவில்லை. தோட்டைத் தேடி எடுக்கக் கலீபா கையை உள்ளே விட்டுத் துழாவியிருக்க வேண்டும். ஊர் ஒரு வாரம் ஜிபாரைத் திட்டியது, பெண்ணை வளர்த்த லட்சணம் என்று. ஒரு வாரம் கழித்து வேறு ஒரு வீட்டில் வேறு ஒன்று நடந்தது, ஊர் அங்கே போய்விட்டது.

ஆனால் ஜிபார் சும்மா இருப்பவளா? குளியல்கூடத்தில் புதுக் கூத்து ஆரம்பித்தது. வருகிறவளின் கையைப் பார்ப்பாள், "உனக்குத் தேய்க்க மாட்டேன்" என்பாள்.

"ஏன் அக்கா?"

"உனக்கும் துருவிதான். உங்கப்பாவைக் கேளு. தேய்ச்சா ஜாஸ்தியாகும். மெத்துத் துணியால கழுவிவிடறேன், வீட்டுக்குப் போய்க் கிரீம் போடு."

"காசு குடுத்துட்டு வந்தா அழுக்கெடுக்க மாட்டேங்கறா! என்னை வியாதிக்காரிங்கறா!" என்று ஈரத் தலையோடு என் கூண்டை வந்து தட்டியவர்கள் ஒருவர் இருவர் இல்லை. துருவி என்று பெயர் வைத்த நல்லொழுக்க ஆசிரியையும் தட்டினாள். ஆமாம், அவளுக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி வகுப்பில் அவள் மட்டும் ஏன் எப்போதும் தலைவலி என்று ஓரமாக உட்கார்ந்திருப்பாள் என்பது அன்றைக்குத்தான் ஜிபாருக்குப் புரிந்தது.

தோக்தோசுன் ஜிபாரைக் கூப்பிட்டார். "இது குளியல்கூடமா, ஆஸ்பத்திரியா?"

"ஐயா, பத்துப் பேர் வந்தா மூணு நாலு பேருக்கு இருக்கு. எனக்குத்தான் இத்தனை வருஷம் உறைக்கல. எல்லார் கையையும் பார்த்தேன். ஆனா நான் ஒருத்திதான் துருவின்னு நெனைச்சேன்."

தோக்தோசுனுக்கு அது பிடிபடவில்லை. "கேட்டா தேய்ச்சுவிடு, இல்லன்னா வேற ஆளு பாக்கறேன்" என்றார். அவள் உறையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். வேறு ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே உறையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜனவரி மாதம் ஊர் முழுக்கக் குழாய் உறைந்து வெடித்தது. சொந்த வீட்டில் நீராவி அறை கட்டி வைத்திருந்த பெரிய மனுஷிகளெல்லாம் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அதில் ஒரு நாள், தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு, கலீபா.

"தனி அறை இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"யாரு வேலையில?"

"ஜிபார் மட்டும்தான்" என்றேன். நான் அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அவள் திரும்பிப் போகப் பார்த்தாள். நான்கு நாளாகக் குளிக்காத உடம்பு விடவில்லை. உள்ளே போனாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. துண்டு கொடுக்கத்தான் போனேன். கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கலீபாவின் கை இரண்டும், தொடை இரண்டும், அடையாளமே தெரியாமல் கிடந்தன. பொரிப்பு கொஞ்சம்தான். அதன் மேல் முப்பது நாற்பது வருடமாகத் தேய்த்த தழும்பு, திட்டுத் திட்டாக, பழைய தேநீர்க் கறைபோல.

"வெளியே சொல்லிடுவியா?" என்றாள் கலீபா.

"இருபது வருஷமா இந்த ஊரு அம்மணத்தைப் பாக்கறேன். ஒரு வார்த்தை வெளியே போனதில்ல." ஜிபார் வாளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கலந்தாள். "நீங்கதான் என் பொண்ணு சட்டையை நாப்பது பேருக்கு முன்னாடி தூக்கினீங்க."

"எங்க மாமியார் எனக்குச் செஞ்சதை நீ பார்க்கல."

"பார்த்தேனே. என் பொண்ணு கையில பார்த்தேன்."

கலீபா கையை நீட்டினாள். "தேய்ச்சுவிடு ஜிபார். நல்லா அழுத்தி" என்றாள்.

"மாட்டேன். உக்காருங்க."

மெத்துத் துணியால் கழுவிவிட்டாள். துண்டால் ஒத்தினாள். தன் பையிலிருந்த குழாயை எடுத்து, ஈரம் காயும் முன் கை முழுக்கத் தடவினாள். கலீபா அழுதாளா என்று கேட்காதீர்கள். நீராவியில் எல்லார் முகமும் ஈரம்தான். மெதுவாக, "இது என்ன கிரீமு?" என்று மட்டும் கேட்டாள். ஜிபார் பெயரைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மார்ச் மாதம் 'பட்டுத்தோல்' கதவில் புது விளம்பரம்: "மலைமூலிகை ரகசியக் களிம்பு. பரம்பரைத் தோலுக்குப் பரம்பரை மருந்து." மருந்துக்கடைக் கிரீமையே அழகான கண்ணாடிக் குப்பியில் மாற்றி, ரோஜா வாசனை சேர்த்து, ஐந்து மடங்கு விலையில். ஊர் வரிசையில் நின்று வாங்கியது. ஜிபார் இலவசமாகச் சொன்னபோது சண்டைக்கு வந்த அதே பெண்கள், "கலீபா அக்கா கண்டுபிடிச்சது, தேய்க்கவே கூடாதாம்!" என்று ஜிபாருக்கே பாடம் எடுத்தார்கள். நான் கொதித்தேன்.

"போய் ரெண்டு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"எதுக்கு? தேய்க்கறதை நிறுத்திட்டாங்கல்ல?" என்றாள் ஜிபார். பிறகு யோசித்து, "அந்த வாசனை மட்டும் சில பேருக்கு அரிக்கும். அதைப் போய்ச் சொல்லிட்டு வரணும்" என்றாள். சொல்லிவிட்டும் வந்தாள். மறு மாதம் "வாசனையற்ற வகை" என்று இன்னொரு குப்பி வந்தது, விலை இன்னும் அதிகம்.

தோட்டைத் திரும்பப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு தடவை கலீபா வீட்டிலிருந்து தூது வந்தது. பெர்மெத் தூது வந்தவளுக்குத் தேநீர் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தாள். பிறகு நரின் என்ற ஊரில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே ஆடுமாடு டாக்டர் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க பண்ணையில ஒரு கன்னுக்குட்டிக்கும் இப்படி இருக்கு, நல்ல சுறுசுறுப்பு" என்றானாம். அதைவிட நல்ல வார்த்தை அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்குப் பெண் குழந்தை. தொட்டில் போடுகிற அன்று நானும் ஜிபாரோடு நரின் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குழந்தையின் கையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"வெண்ணெய் மாதிரி இருக்கு! அம்மா தோல் வரல, கடவுள் காப்பாத்திட்டார்!"

ஜிபார் குழந்தையின் கையைத் துண்டால் ஒத்தி, ஈரம் போகுமுன் கிரீம் தடவிக்கொண்டே, "அவசரப்படாதீங்க. இன்னும் பத்து வருஷம் இருக்கு" என்றாள்.